வடக்கு நாட்டுப் போக்கர்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர்களா?

19 ஜூலை 2024, வாசகர் கேள்வி

லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரான வேர்ல்ட் சீரிஸின் தலைமைப் போட்டி, மெயின் ஈவென்ட், முடிந்துவிட்டது. இறுதி மேசைக்கு மற்ற எல்லோரையும்விட அதிகச் சில்லுகளோடு வந்த சுவீடன்காரர் நிக்லாஸ் ஆஸ்டெட் மூன்றாம் இடத்தோடு வெளியேறினார். 4 மில்லியன் டொலர் சின்னக் காசு இல்லை என்பது வேறு விஷயம். என் சந்தேகம் இதுதான்: டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்துக்காரர்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பாராமலே சில்லுகளைத் தள்ளி அடிப்பவர்கள் என்று இங்கே கனடாவில் நான் போகும் கசினோவில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தாலே பக்கத்தில் இருப்பவர் "கவனம்" என்று முணுமுணுக்கிறார். இதில் உண்மை உண்டா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

20 ஜூலை 2024

ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன். பெரும்பாலும் தொலைக்காட்சி கிளப்பிவிட்ட பேச்சு, தம்பி. அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு டென்மார்க்காரரின் புண்ணியம்.

குஸ் ஹான்சன் கொப்பன்ஹேகன்காரர். பக்கேமன் (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம்) ஆடிப் பெயர் எடுத்துவிட்டுப் போக்கருக்கு வந்தவர். வேர்ல்ட் போக்கர் டூர் 2002 இல் தொடங்கியபோது, ஆட்டக்காரர் கையிலுள்ள இரண்டு சீட்டையும் சின்னக் கமெரா மூலம் வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டினார்கள். அந்த முதல் பருவத்திலேயே லாஸ் வேகாஸ் பெலாஜியோ கசினோவில் வென்றார் ஹான்சன். 2003 இல் லொஸ் ஏஞ்சலிஸ், 2004 இல் கரீபியன் என்று மொத்தம் மூன்று பட்டங்கள். ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு, அலுங்காமல் சில்லுகளை நடுவில் தள்ளும் மனிதரை அமெரிக்கா அன்றுதான் வரவேற்பறையில் இருந்து பார்த்தது.

அதற்கு முன்பும் வெறுங்கையோடு ஏய்த்தவர்கள் ஏராளம். காட்டிக்கொடுக்கக் கமெரா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

20 ஜூலை 2024, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. 2007 மெயின் ஈவென்ட் இறுதி மேசையில் அதிகச் சில்லுகளோடு உட்கார்ந்தவரும் டென்மார்க்காரர்தான்: பிலிப் ஹில்ம். எட்டும் ஐந்தும் வைத்துக்கொண்டு ஜெரி யாங்கோடு மோதி, ஒன்பது பேரில் முதல் ஆளாக வெளியே போனார். யாங் கையில் ஏஸும் ராஜாவும் இருந்தன. கடைசியில் பட்டமும் யாங்குக்கே. இதை எந்தப் பார்வையாளர் மறப்பார்? ஹான்சன் வென்று பரப்பிய பெயரை ஹில்ம் தோற்று உறுதிப்படுத்தினார். ஒருவர் வென்றாலும் தோற்றாலும் ஒரே முடிவுக்கு வந்து சேருகிற பேச்சை நான் நம்புவதில்லை.

23 ஜூலை 2024

மேலே ஒருவர் "அப்படியென்றால் அவர்கள் சாதுக்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. அடிக்கிறார்கள், நிறையவே அடிக்கிறார்கள். கணக்குப் பார்த்து அடிக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

டோர்னமென்டில் சீட்டுப் பிரிக்கும் முன்பே நடுவில் கொஞ்சம் சில்லு கட்டாயம் விழும். சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1,000, ஆன்ட்டி 1,000 என்று வைத்துக்கொள்வோம். யாரும் ஒன்றும் செய்யாமலே நடுவில் 2,500 கிடக்கிறது. நான் 3,000 போட்டு ரெய்ஸ் செய்கிறேன், அதாவது தொகையை உயர்த்துகிறேன்; எல்லோரும் ஃபோல்ட் செய்தால், அதாவது சீட்டை மடித்துவிட்டால், 2,500 எனக்கு. யாராவது எதிர்த்தால் என் 3,000 போகிறது. நூற்றுக்கு 55 தடவை எல்லோரும் மடித்தால்தான் எனக்கு நட்டமில்லை. அதே இடத்தில் 3,000 க்குப் பதில் 2,200 போட்டால்? 47 தடவை மடித்தால் போதும். கையில் என்ன சீட்டு என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரடிக் கசினோவில் வளர்ந்த பழைய ஆட்கள் பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு போட்டுப் பழகியவர்கள். வீட்டில் கணினி முன்னால் இருந்து ஒரே நேரத்தில் பல மேசைகள் ஆடிய பிள்ளைகள் தொகையைக் குறைத்தால் அதே வேலை மலிவாக முடிகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவர்கள் நேரடி மேசைக்கு வந்து சின்னச் சின்னதாக அடிக்கடி ரெய்ஸ் செய்தபோது, பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பெரியவருக்கு அது பைத்தியமாகத் தெரிந்தது. அவர் மடித்துக்கொண்டே இருந்தார். மடித்தால் யாருக்கு லாபம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இன்று எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். 2005 இல் அப்படி இல்லை.

24 ஜூலை 2024

ஏன் இந்த நாடுகளில் மட்டும் முதலில் வந்தது என்று தனியாக எழுதிக் கேட்டவருக்கு: நீண்ட குளிர்காலம், இருட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். சைபீரியாவிலும் இருட்டுத்தான். இங்கே இருந்தது இணையம். சுவீடனில் 1998 இல் ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தார்கள். வேலைசெய்யும் இடத்தின் வழியாக வீட்டுக்குக் கணினி வாங்கலாம். தச்சர் வீட்டிலும் பஸ் ஓட்டுநர் வீட்டிலும் கணினி வந்தது. அகலவரி இணையமும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. போக்கர் இணையத்துக்கு வந்த நேரத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கணினி முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம், வெளியே போய் ஆட இடம் இல்லை. நோர்வேயில் கசினோ கிடையாது, இன்றுவரை இல்லை. 2007 இல் கடைகளிலிருந்த, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களைக்கூட அகற்றிவிட்டார்கள். ஐஸ்லாந்திலும் கசினோ இல்லை. ஹெல்சிங்கியில் 1991 இல் திறந்த கசினோ பொதுநல வேலைகளுக்குக் காசு திரட்டும் அமைப்பின் கையில் இருந்தது. சுவீடனில் அரசாங்கக் கசினோ 2001 இல்தான் வந்தது. ஆக, ஒரு நோர்வேப் பிள்ளை முதல் தடவை நேரடி மேசையில் உட்காரும்போது, அதற்கு முன்பே அமெரிக்கப் பெரியவர் ஆயுள் முழுக்கக் கண்ட கைகளைவிட அதிகம் கண்டிருப்பான். ஆனால் எதிரே ஒரு மனித முகத்தைப் பார்த்து ஆடியிருக்க மாட்டான்.

2 ஓகஸ்ட் 2024

ஐரோப்பியத் தொடரின் பழைய வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யூரோப்பியன் போக்கர் டூரின் முதல் போட்டி 2004 இல் பார்சலோனாவில். வென்றவர் சுவீடன்காரர் அலெக்சாண்டர் ஸ்டேவிச், 80,000 யூரோ. இன்று அந்தத் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இரண்டாம் பருவம்தான் வேடிக்கை. பாடனில் பின்லாந்தின் பட்ரிக் அன்டோனியஸ். அடுத்து டப்ளினில் சுவீடனின் மட்ஸ் கவாட்டின். அதற்கடுத்துக் கொப்பன்ஹேகனில் டென்மார்க்கின் மட்ஸ் ஆண்டர்சன். பிறகு டோவில் நகரில் சுவீடனின் மட்ஸ் இரேமார்க். 2005 இலையுதிர்காலத்திலிருந்து 2006 பெப்ரவரிக்குள் வரிசையாக நாலு பட்டமும் வடக்குக்கு, அதில் மூன்று மட்ஸ்களுக்கு. பிரான்ஸ்காரர்கள் குழந்தைக்கு மட்ஸ் என்று பெயர் வைக்கலாமா என்று யோசித்திருப்பார்கள்.

எதிர்க்கேள்வியும் வரும்: போட்டிகளே அந்தப் பக்கத்தில் நடந்தன, போனவர்களும் அந்தப் பக்கத்துக்காரர்கள், வென்றதில் என்ன அதிசயம்? கொப்பன்ஹேகனுக்கு அது சரி. பாடன் ஒஸ்திரியாவில், டோவில் பிரான்ஸில். சனத்தொகையைப் பார்த்தால் நாலு நாடும் சேர்ந்தே பிரான்ஸில் பாதிகூட இல்லை.

3 ஓகஸ்ட் 2024

பின்லாந்து ஸ்கண்டிநேவியாவில் சேராது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். தெரியும். தலைப்பில் "வடக்கு" என்றுதான் இருக்கிறது, வாசியுங்கள்.

11 ஓகஸ்ட் 2024

சொந்த அனுபவம் எழுதச் சொன்னீர்கள். நான் பெரிய ஆள் இல்லை. நுழைவுக் கட்டணம் குறைந்த பக்கப் போட்டிகளில் உட்காருபவன்.

நோர்வேயின் தேசியச் சாம்பியன்ஷிப்பையே முன்பெல்லாம் நோர்வேயில் நடத்த முடியாது, சட்டம் விடாது. அதனால் டப்ளினில் நடத்தினார்கள். ஒஸ்லோவிலிருந்து போகும் விமானம் முழுக்க நோர்வேக்காரர்கள், விடுதி முழுக்க நோர்வேக்காரர்கள், சீட்டுப் பிரிப்பவர் மட்டும் அயர்லாந்துக்காரர். 2015 இல்தான் சட்டம் கொஞ்சம் தளர்ந்து லில்லெஸ்ட்ரோமில் முதல் தடவையாகச் சொந்த மண்ணில் நடத்தினார்கள். அது ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊர், எனக்கு வசதி. என்றாலும் டப்ளின் கலகலப்பு வரவில்லை.

டப்ளினில் என் மேசையில் இரண்டு பேரை மறக்க முடியாது. இடது பக்கம் வட முனையிலிருந்து வந்த ஒரு பெரியவர். நான் தமிழன் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் ஊர் மீன் பதனிடும் ஆலையில் எங்கள் ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள், பிள்ளைகள் அவர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். நண்டுக் குழம்பு பற்றியெல்லாம் பேசினார். பேச்சுக்குப் பேச்சு, ஆனால் கைக்குக் கை மடித்துக்கொண்டே இருந்தார். பிளைண்ட் அடுத்த படிக்கு ஏறும்வரை, கட்டாயச் சில்லைத் தவிர, நடுவில் ஒன்றும் போடவில்லை. பிறகு திடீரென்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். என்னிடம் ராணி ஜோடி. போட்டேன். அவரிடம் ஏஸ் ஜோடி. என் சில்லுகளை அடுக்கிக்கொண்டே நண்டுக் குழம்பைத் தொடர்ந்தார்.

வலது பக்கம் ஒரு பையன், தலைமூடி போட்ட மேலாடை, காதில் பாட்டு. பாதிக்கு மேற்பட்ட கைகளில் ரெய்ஸ். பைத்தியம் என்று நினைத்துப் பொறுத்திருந்தேன். ஏஸும் ராணியும் வந்தபோது மிச்சமிருந்த எல்லாவற்றையும் அவன் ரெய்ஸுக்கு மேல் போட்டேன். என் சில்லுகளை ஒரு தடவை கண்ணால் எண்ணினான். மடித்தான். முகத்தில் எரிச்சலும் இல்லை, வெட்கமும் இல்லை. அடுத்த கையில் மறுபடி அதே தொகைக்கு ரெய்ஸ்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. பைத்தியமாக இருந்தால் ரோசத்தில் பணம் போட்டுப் பார்த்திருப்பான். எனக்குக் கொடுத்ததை அவன் ஏற்கெனவே செலவில் எழுதிவைத்திருந்தான்.

12 ஓகஸ்ட் 2024

"அந்தப் பெரியவர் உங்கள் கதையையே உடைக்கிறாரே" என்று எழுதியிருக்கும் தங்கைக்கு: ஆமாம், அதற்காகத்தான் அவரை எழுதினேன். இங்கே இணையத்துக்கு முந்தைய ஒரு தலைமுறை இருக்கிறது, அவர்களைக் கனடாவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தோர் ஹான்சன், நோர்வே. 1947 இல் பிறந்தவர். 1988 இலும் 2002 இலும் வேர்ல்ட் சீரிஸ் பிரேஸ்லெட் (அந்தத் தொடரில் ஒரு போட்டியை வென்றவருக்குத் தரும் கைச்சங்கிலி). இங்கே போக்கர் ஆடுபவர்கள் அவரை ஏறக்குறையக் குலதெய்வம் மாதிரி வைத்திருக்கிறார்கள். புற்றுநோய் வந்த பிறகும் வேகாஸில் ஆடிக்கொண்டே இருந்தார். 2018 இல் இறந்தார். சுவீடனில் கிறிஸ் பியோரின், அவரும் 1947. 1997, 2000 என்று இரண்டு பிரேஸ்லெட். ஆண்டுக்கணக்காக இலண்டனில் இருந்து ஆடியவர். சத்தம் இல்லை, தொலைக்காட்சிப் புகழ் இல்லை, வருடா வருடம் பரிசுப் பட்டியலில் பெயர் மட்டும் வரும். இவர்களைப் பார்த்து யாராவது "வடக்கு என்றால் பொறுமை" என்று ஒரு பேச்சைக் கிளப்பியிருக்கலாம். கிளப்பவில்லை, பொறுமையைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

30 ஓகஸ்ட் 2024

அனெட் ஓப்ரெஸ்டாட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று திட்டு வந்திருக்கிறது. நியாயம்.

நோர்வேயின் சண்ட்னெஸ் ஊர்ப் பிள்ளை. பதினைந்து வயதில் இணையத்தில் இலவசப் போட்டிகளில் தொடங்கி, சொந்தக் காசு போடாமலே தொகை சேர்த்தவர். 2007 இல் இலண்டனில் நடந்த முதல் வேர்ல்ட் சீரிஸ் யூரோப் மெயின் ஈவென்டில் 361 பேரை முந்தி 10 இலட்சம் பவுண் வென்றார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். பிரேஸ்லெட் வென்றவர்களில் இன்றும் அவர்தான் மிக இளையவர். லாஸ் வேகாஸில் அதே பிள்ளையை மேசைக்குக் கிட்டவே விட்டிருக்க மாட்டார்கள், அங்கே இருபத்தொன்று ஆக வேண்டும். இலண்டனில் பதினெட்டு போதும். வேகாஸில் அந்தச் சட்டம் இருக்கும்வரை இந்தச் சாதனையை அங்கே யாரும் முறியடிக்க முடியாது.

அதே ஆண்டு இணையத்தில் 180 பேர் ஆடிய ஒரு சின்னப் போட்டியை, ஒரே ஒரு கையைத் தவிரத் தன் சீட்டுகளைப் பாராமலே ஆடி வென்றார். திரையில் சீட்டு இருந்த இடத்தை மறைத்துவிட்டு. இது தம்பியின் கேள்விக்கு நேர்ப் பதில்: "சீட்டைப் பாராமல் அடிக்கிறார்கள்" என்பது அனெட் விஷயத்தில் ஒரு தடவை எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் அதை அவர் செய்தது எதிராளிகள் எப்போது மடிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கப் பழகத்தான். சீட்டை மூடியது மற்றதையெல்லாம் திறந்து பார்க்க.

பின்னாளில் போக்கரைக் குறைத்துக்கொண்டு முக ஒப்பனைக் காணொளிகள் போடத் தொடங்கினார். என் மகளுக்கு அவரை அப்படித்தான் தெரியும். போக்கர்காரி என்று நான் சொன்னபோது நம்பவில்லை.

6 ஒக்டோபர் 2024

எங்கள் வீட்டில் நேற்று முந்நூற்றி நாலு. ஒஸ்லோத் தமிழர் பலர் வீட்டில் சனிக்கிழமை இரவுக் கடுதாசி என்றால் அதுதான், யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியோடு வந்த ஆட்டம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு நிறத்துக்கும் சேர்த்து 304. பாதிச் சீட்டுக் கைக்கு வந்ததுமே எவ்வளவு எடுப்பேன் என்று கேட்க வேண்டும், துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நல்ல கைக்காகக் காத்திருப்பவர் எங்கள் மேசையில் எப்போதும் தோற்பார். பாதி தெரிந்தவுடன் துணிந்து கேட்பவருக்கு மற்றப் பாதி சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் கவிழ்க்கும்; ஆனால் துரும்பு அவர் கையில், ஆட்டத்தின் போக்கும் அவர் கையில்.

டப்ளின் பையன் செய்ததும் இதுதான். எங்கள் மாமா செய்தால் கெட்டிக்காரர், வெள்ளைக்காரப் பையன் செய்தால் பைத்தியமா?

11 நவம்பர் 2024

பத்து வருடத்துக்கு முன் இதே நாட்களில்தான் மார்ட்டின் ஜேக்கப்சன் வென்றார். மெயின் ஈவென்ட், 2014. 6,683 பேர். கடைசியில் மிஞ்சிய இருவரும் வடக்கு: சுவீடனின் ஜேக்கப்சன், நோர்வேயின் ஃபீலிக்ஸ் ஸ்டெஃபென்சன். எங்கள் பக்கத்தில் விடிய விடிய விழித்திருந்தோம். முடிவு தெரிந்ததும் என் நோர்வே நண்பர் ஒருவர், சுவீடன்காரனிடம் தோற்பதைவிட மூன்றாம் இடம் மேல் என்றார்.

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும். அந்தக் காலத்தில் ஜூலையில் ஒன்பது பேர் மிஞ்சியதும் நிறுத்திவிட்டு, நவம்பரில் இறுதி மேசை. ஜேக்கப்சன் அதில் சில்லுக் கணக்கில் எட்டாவது. அவருக்குப் பின்னால் இருந்தவர் ஒரே ஒருவர்தான். இப்படி ஒருவர் "வடக்குப் பைத்தியம்" ஆக இருந்தால் முதல் மணிநேரத்திலேயே எல்லாவற்றையும் தள்ளி, ஒன்று இரட்டிப்பாகும் அல்லது வீட்டுக்குப் போவார். அவர் அப்படிச் செய்யவில்லை. இடம் பார்த்து, ஆள் பார்த்து, சின்னச் சின்னதாக வளர்ந்தார். ஒவ்வொருவர் போகும்போதும் பரிசு ஏறும் என்பதால், சில கைகளை மடிப்பதே வருமானம். அதே நேரம் முதலிடத்துக்கு 10 மில்லியன், இரண்டாமிடத்துக்கு 5,147,911. அந்த இடைவெளியில் மட்டும் பதுங்கினால் நட்டம். எங்கே மடிக்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்று இரண்டு வேகத்தையும் ஒரே மனிதர் ஆடிக்காட்டினார். கடைசிக் கையில் ஸ்டெஃபென்சனிடம் ஏஸும் ஒன்பதும், ஜேக்கப்சனிடம் பத்து ஜோடி. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டில், இன்னொரு பத்து. பத்தை வைத்துப் பத்து மில்லியன்.

சமையல் கலை படித்தவர், ஐரோப்பியத் தொடரில் எத்தனையோ இறுதி மேசைகள் கண்டும் பட்டம் கிடைக்காதவர். இருவரும் அப்போது இருந்தது இலண்டனில். சுவீடனில் வரி எப்படி என்றால், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் வென்றால் வரி இல்லை, வெளியே வென்றால் உண்டு. லாஸ் வேகாஸ் வெளியே. பிரித்தானியாவில் சூதாட்ட வெற்றிக்கு ஆட்டக்காரர் வரி கட்டுவதில்லை. கொடி சுவீடனுடையது, வீட்டு முகவரி வேறு. வடக்கின் நேரடி ஆட்டக்காரர் என்று நாம் பேசும் பலர் இப்படித்தான். ஊரில் ஆட இடமும் இல்லை, வென்றதை வைத்திருக்க வசதியும் இல்லை.

12 நவம்பர் 2024

ஈஸ்ட்கேட் எங்கே என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பீட்டர் ஈஸ்ட்கேட், டென்மார்க், 2008 மெயின் ஈவென்ட். இருபத்திரண்டு வயது, 9,152,416 டொலர். 1989 இல் இருபத்துநாலு வயதில் ஃபில் ஹெல்முத் வைத்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே இருபத்தொரு வயது ஜோ காடா இவரை முறியடித்தார். எதிரே இருந்தவர் ரஷ்யாவின் இவான் டெமிடோவ். ஈஸ்ட்கேட் 2010 இல் ஆட்டத்தை விட்டு விலகி, பிரேஸ்லெட்டை யுனிசெஃப்புக்காக ஏலத்தில் விற்றார், 147,500 டொலருக்குப் போனது. பின்னர் கொஞ்சம் திரும்பி வந்தார். இத்தனை இளவயதில் வேண்டியது கிடைத்தபின் எழுந்து போனவரைக் "கண்மூடி அடிப்பவர்" பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

9 ஜனவரி 2025

விடுமுறையில் டாலினுக்குப் போய்வந்தேன். ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் இரண்டு மணிநேரம். பின்லாந்துக்காரர்கள் நம் ஆட்கள் சந்தைக்குப் போவது போலப் போய்வருகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போட்டி நடந்தால் மேசைக்கு மேசை பின்லாந்து.

என் நிலைப்பாட்டில் கொஞ்சம் தளர்வு. கணக்கு என்று இத்தனை பத்தி எழுதினேன், ஆனால் பணத்தைப் பற்றிய ஒரு மனப்பான்மையும் இங்கே உண்டு போலிருக்கிறது. டாலினில் ஒருவர் போட்டியில் தோற்று எழுந்தார், கைகுலுக்கினார், நேரே போய் மறுபடி கட்டணம் கட்டி வந்து உட்கார்ந்தார். குழாய் வேலை பார்ப்பவராம். வேலை போனாலும் படுத்தாலும் அரசாங்கம் தாங்கும் ஊரில், ஒரு வாரச் சம்பளம் போவது ஒரு வாரச் சம்பளம் போவது மட்டும்தான். கொழும்பிலிருந்து வந்த என் மைத்துனருக்கு அதே தொகை மூச்சை அடைக்கும். சமூகநலத் திட்டம்தான் பெரிய பிளைண்டைத் திருட வைக்கிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

10 ஜனவரி 2025

மறுபாதி: இந்த மனப்பான்மையே சிலரை அழித்ததும் உண்டு. குஸ் ஹான்சன் நேரடி மேசையில் மேலும் வென்றார். 2007 இல் ஆஸி மில்லியன்ஸில் 746 பேரை முந்தி 15 இலட்சம் ஆஸ்திரேலிய டொலர், 2010 இல் இலண்டனில் பிரேஸ்லெட். அந்த ஆஸ்திரேலியப் போட்டி முழுக்கக் குரல்பதிவுக் கருவி ஒன்றில் தன் கைகளைச் சொல்லி வைத்துக்கொண்டார், பிறகு புத்தகமாகவும் போட்டார். கமெராவில் பைத்தியமாகத் தெரிந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! ஆனால் அதே மனிதர் இணையத்தில் 20 மில்லியன் டொலருக்கு மேல் இழந்தார். நேரடி மேசையில் எதிராளி முகமும் தயக்கமும் அவருக்கு உதவின. இணையத்தில் வேகமான இளம் பிள்ளைகளோடு, பெரும் தொகைக்கு, விடாமல் ஆடினார்.

விக்டர் புளோம் எதிர்ப்பக்கம். 2009 நவம்பரில், அன்றுவரை இணையம் கண்ட மிகப் பெரிய கையில், நடுவில் சேர்ந்த 1,356,946 டொலர் பானையை அன்டோனியஸிடம் தோற்ற, பெயர் தெரியாத "இசில்டுர்1" அவர்தான். பஹாமாஸில் 2011 ஜனவரியில் நேரே வந்து உட்கார்ந்தபோதுதான் அது ஒரு மெலிந்த, கூச்சமுள்ள சுவீடன் பையன் என்று உலகம் கண்டது. ஒரு வருடத்தில் அதே இடத்தில் சூப்பர் ஹை ரோலர் என்ற, நுழைவுக் கட்டணம் மிக அதிகமான போட்டியை வென்று 1,254,400 டொலர் எடுத்தார். திரைக்குப் பின்னால் பூதம், நேரில் ஒரு வார்த்தை பேசவும் சங்கடப்படுபவர்.

அன்டோனியஸ் இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறார். டெனிஸ் ஆடியவர், முதுகு விடவில்லை. கல்லில் செதுக்கிய முகம். அவரைக் கடந்த ஆண்டு போக்கர் ஹோல் ஆஃப் ஃபேமில் சேர்த்துவிட்டார்கள்.

27 ஏப்ரல் 2025

ஸ்டொக்ஹோமில் இருந்த கடைசி அரசாங்கக் கசினோவை இந்த மாதம் மூடிவிட்டார்கள். மல்மோவும் கோத்தன்பர்க்கும் ஏற்கெனவே போயின. நான் அங்கே ஆடியிருக்கிறேன். மேசைக்கு இடம் கிடைக்கக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு, வெளியே நடந்துவிட்டு வரலாம். இனி ஸ்டொக்ஹோம் பிள்ளை நேரடி மேசை வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும் அல்லது விமானம் ஏற வேண்டும், எங்கள் நோர்வேப் பிள்ளைகளைப் போல.

இதனால் ஆட்டக்காரர் குறைவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படியென்றால் நோர்வேயிலிருந்து ஒருவரும் வந்திருக்கக்கூடாது. ஆனால் என் டப்ளின் பெரியவரைப் போன்றவர்கள், முகம் பார்த்துப் பேசிக்கொண்டே பொறுமையாக ஆடக் கற்றவர்கள், இனி எங்கிருந்து வருவார்கள்? அவர்கள் கணினியில் உருவாகமாட்டார்கள்.

28 ஏப்ரல் 2025

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்து, "எல்லாம் சரி, என் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் நான் என்ன செய்ய?" என்கிறார்.

கடவுச்சீட்டைப் பார்க்காதீர்கள், சில்லு அடுக்கைப் பாருங்கள். சில்லுகளை எண்ணாமலே தொகை சொல்கிறாரா, உங்கள் சில்லுகளை அடிக்கடி பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சின்னதாக அடிக்கடி ரெய்ஸ் செய்தால், பெரிய பிளைண்டில் இருக்கும்போது மடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சுமாரான கையோடும் ஃப்ளாப்பைப் பாருங்கள், விலை மலிவு. மேலே ரெய்ஸ் செய்வதென்றால் அவர் மடித்தாலும் ஈடு கொடுத்தாலும் உங்களுக்குத் தாங்கக்கூடிய இடத்தில் செய்யுங்கள். ரோசம் வேண்டாம். அவருக்கு அது இல்லை. நண்டுக் குழம்பு பற்றிப் பேசினால் உடனே மடித்துவிடுங்கள்.

29 ஏப்ரல் 2025

எஸ்பன் யோர்ஸ்டாடை விட்டுவிட்டதாக எங்கள் நோர்வேப் பட்டாளமே வந்து நிற்கிறது. சரி: 2022 மெயின் ஈவென்ட், 8,663 பேர், 10 மில்லியன் டொலர், நோர்வேக்கு முதல் தடவை. எதிரே ஆஸ்திரேலியாவின் ஏட்ரியன் அட்டன்பரோ. அதே கோடையில் பட்ரிக் லெனார்டோடு சேர்ந்து இருவர் அணிப் போட்டியிலும் பிரேஸ்லெட். போதுமா?

ஆக மெயின் ஈவென்ட் வென்ற வடக்குக்காரர்: 2008 டென்மார்க், 2014 சுவீடன், 2022 நோர்வே. முதல் இடைவெளி ஆறு வருடம், இரண்டாவது எட்டு. அடுத்தது பத்து என்றால் 2032 இல் பின்லாந்து. ஐஸ்லாந்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பன்னிரண்டு வருடம் கழித்து 2044 உங்களுக்கு. மூன்று புள்ளியை வைத்துக் கோடு இழுக்கலாமா என்று யாரும் கேட்காதீர்கள். இந்த இழையே ஒரு டென்மார்க்காரரை வைத்து நாலு நாட்டை எடைபோட்டதில் தொடங்கியதுதான்.